ஏழு மணிக்குப் பேசுகிற தம்பி

சாயங்காலம் ஆறு ஐம்பத்தெட்டு. பைபாஸ் ரோடு. முன்னாலும் வண்டி இல்லை... பின்னாலும் வண்டி இல்லை. மழை விட்டுவிட்டது, ஆனால் வைப்பரை நிறுத்த மறந்துவிட்டான். அது காய்ந்த கண்ணாடியில் கீச்... கீச்... என்று இழுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போன்களையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கிறது. கரண்ட் வரும்போது வரட்டும், அதற்குள் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இது என் நண்பன் ஒருவனின் சகலைக்கு நடந்தது. நண்பன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். பொய் சொல்லத் தெரியாத ஆள், சொன்னால் காது சிவந்துவிடும். இதை அவன் என்னிடம் சொன்னபோது காது சிவக்கவில்லை. அவன் சகலைக்கு வேலை, கடை கடையாகப் போய் சாமான் காட்டுவது. வீட்டில் வைக்கிற பேசும் பெட்டி, சுவரில் மாட்டுகிற கேமரா, பயணத்துக்குப் பையில் போட்டுக்கொள்கிற வைஃபை... இதெல்லாம் எப்படி வேலை செய்யும் என்று வாங்க வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவான். எந்தப் பொட்டல் காட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் போனில் மட்டும் சிக்னல் இருக்கும். அதனால் கம்பெனியில் அவனுக்குப் பெயரே டவர்தான். நாற்பத்திரண்டு வயது ஆளை ‘அவன், இவன்’ என்கிறானே என்று என்னைப் பார்க்காதீர்கள். நடந்ததைக் கேட்டால் நீங்களும் மரியாதை கொடுக்க மாட்டீர்கள். அவனே தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

சரி. பைபாஸ் ரோடு. வண்டிக்குப் பின்னால் நாற்பது பெட்டி, அட்டையில் கட்டியபடி புத்தம் புதுசு. அவற்றோடு ஒரு பழைய பெட்டி. வயரைப் பிடுங்கி, போர்வையில் சுற்றி, மூலையில் செருகியிருந்தான். மணி ஏழு ஆனது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற திரை பளிச்சென்று எரிந்தது. போன் வருகிறது.

‘அக்கா வீடு’ என்று போட்டிருந்தது.

அக்கா செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அந்த எண்ணுக்கு உரிய பெட்டிதான் அவன் முதுகுக்குப் பின்னால் போர்வைக்குள் கிடந்தது.

இருங்கள், இருங்கள். அவன் எடுத்தானா, எடுக்கவில்லையா என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அக்கா யார் என்று தெரிய வேண்டும்.

அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அப்பா அம்மா ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்விட, துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைத்து இவனை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணமும் பண்ணி வைத்தாள். தனக்கு ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை. பட்டன் பட்டன் என்று குனிந்தே இருந்தவளுக்கு ஐம்பது வயதில் கண் மங்க ஆரம்பித்தது. கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. “என்கூட வந்து இரேன்க்கா” என்று டவர் கூப்பிடத்தான் செய்தான். “தெரிஞ்ச வீட்ல நடக்கக் கண்ணு எதுக்குடா? உன் வீட்டுக்கு வந்தா நாற்காலி நாற்காலியா முட்டிக்கிட்டு நிப்பேன்” என்று சிரித்துவிட்டாள். மாடியில் இரண்டே அறை. கீழே வாட்ச் ரிப்பேர் பண்ணுகிற பெரியவர் ஒருவர்.

அதனால் டவர் ஒரு பேசும் பெட்டியை அவள் அடுப்படி அலமாரியில் வைத்தான். கை படவே வேண்டாம், “தம்பியைக் கூப்பிடு” என்றால் இவன் போன் அடிக்கும். இவன் கூப்பிட்டால் பெட்டி ‘டுங்’ என்று ஒரு சத்தம் போட்டுத் தானே திறந்துகொள்ளும். பழைய போன் எதற்கு என்று அதையும் கழற்றி எடுத்துப் போய்விட்டான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் பேசுவான் என்று ஏற்பாடு.

பேசினான். ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் பேசினான். அப்புறம்... உங்களுக்கே தெரியுமே. சொன்னதையே சொல்வாள். கீழ்வீட்டுக் கடிகாரமெல்லாம் ஆளுக்கு ஒரு நேரத்தில் அடிக்கிறது என்பாள். குழாய் ஒழுகுகிறது என்பாள். “வாஷர் போச்சுடா, தரையெல்லாம் ஈரம், ஒரு ஆளை அனுப்பேன்” என்பாள். இவன் ‘சரி’ என்பான், அனுப்ப மாட்டான். ஒரு நாள் லாட்ஜில் கூட்டாளிகளோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தபோது குழாய்க் கதை இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. கூட்டாளிகள் சிரித்தார்கள். இவனுக்கு மானம் போய்விட்டது. “உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது.

கடையில் சாமான் காட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள் சிக்னல் வரும், போகும், நம்ப முடியாது. அதனால் உண்மையாகவே யாருக்கும் போன் போட மாட்டார்கள். பெட்டியை டெமோவில் போட்டுவிடுவார்கள். டெமோ என்றால், ஐந்தாறு வாக்கியம் முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பது. வாடிக்கையாளர் பேசுவார். அவர் பேச்சை நிறுத்தி இரண்டு மூச்சு ஆனதும் பெட்டி அடுத்த வாக்கியத்தைச் சொல்லும். அவர் என்ன பேசினார் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் கேட்கிறவருக்கு, வெளியூர் மகன் நிஜமாகவே பேசுகிற மாதிரி இருக்கும். ஆயிரம் பேரை இப்படி நம்ப வைத்தவன் டவர்.

லாட்ஜ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் குரலில் ஆறு வாக்கியம் பதிந்தான். வெளியூரில் இருந்தபடியே அக்கா வீட்டுப் பெட்டிக்கு அனுப்பினான். தினம் ஏழு மணி என்று வைத்தான்.

“அக்கா... நான்தான். சாப்டியா?”

“ம்... அப்புறம்?”

“மாத்திரை போட்டியா?”

“ம்... அப்புறம்?”

“சரி சரி, உடம்பப் பாத்துக்க.”

“இங்க சிக்னல் சரியில்லக்கா. நாளைக்குப் பேசுறேன்.”

அவ்வளவுதான். ஆறே வாக்கியம். இரண்டு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தானாம். ஆனால் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. அவள் பதில் சொன்னதையெல்லாம் பெட்டி பதிந்து அவன் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்பாக எண் ஏறியது. ஒன்றைக்கூட அவன் திறந்து கேட்கவில்லை. பெட்டி டெமோவில் இருந்தால் “தம்பியைக் கூப்பிடு” என்றாலும் போன் போகாது. இது அவனுக்குத் தெரியும். தொழிலே அதுதானே. ஆனாலும் மறந்துவிட்டேன் என்றான், பாவி.

இருபத்தொரு நாள். இருபத்திரண்டாம் நாள் காலையில் வாட்ச் கடைக்காரர் போன் பண்ணினார். தன் வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று மேலே போய்ப் பார்த்திருக்கிறார். குழாய் அடியில் ஈரத் தரையில் அக்கா கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம் விழுந்திருக்கிறாள், ராத்திரி பத்து மணி போல உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

டவர் ஓடி வந்தபோது வாட்ச் கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சரை மணிக்கு மேல ஏதோ தொம்னு சத்தம் கேட்டுச்சு தம்பி. போய்ப் பார்க்கலாம்னு எழுந்தேன், முட்டி வலி, ஏற முடியல. அப்புறம் ஏழு மணிக்கு உங்க குரல் கேட்டுச்சு. வழக்கம்போல பேசிட்டு இருந்தீங்க. சரி, தம்பி பேசுறாரு, ஒண்ணும் இல்லன்னு நான் உக்காந்துட்டேன். உங்ககிட்ட எதுவும் சொல்லலையா அவங்க?”

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

“நல்லாத்தாங்க பேசினாங்க” என்றான் டவர்.

எரிக்கிற இடத்தில் எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். இந்தக் காலத்தில் எந்தத் தம்பி தினம் ஏழு மணிக்குப் பேசுகிறான் என்றார்கள். அவன் பெண்டாட்டிகூட அதையே சொல்லி அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். துக்கத்தில் நிற்கிறான் என்று நினைத்தார்கள். அது துக்கமில்லை, வெட்கம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்ததாம். அன்று சாயங்காலம் பாத்ரூமில் உட்கார்ந்து, போனில் இருந்த இருபத்தொரு பதிவையும் கேட்காமலே அழித்தான். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று போன் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினான்.

இப்போது பைபாஸுக்கு வருவோம்.

திரையில் ‘அக்கா வீடு’. அடித்தது... அடித்தது... அவன் எடுக்கவில்லை.  வண்டியை ஓரம் கட்டினான். ஆறாவது தடவை அடித்ததும் தானே திறந்துகொண்டது.

டுங்.

முதலில் ஒரு சொட்டுச் சத்தம். சொட்... சொட்... ஏதோ பாத்திரத்தில் விழுகிற மாதிரி. வண்டிக்குள் ஈரச் சுவரின் வாடை அடித்தது. அக்கா வீட்டு அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பூத்துப்போன சுண்ணாம்பு வாடை. அப்புறம் அவன் குரலே கேட்டது.

“அக்கா... நான்தான். சாப்டியா?”

“டேய், வந்துட்டியா!” அக்கா குரல். பக்கத்து சீட்டில் இருந்து பேசுகிற மாதிரி. “நேத்துக் கத்தினியே, கோவமெல்லாம் போச்சா? நான்தான் வளவளன்னு பேசிட்டேன். இன்னிக்குக் குழாயப் பத்தி வாயே திறக்க மாட்டேன் பாரு.”

“ம்... அப்புறம்?”

“அப்புறம் என்ன, நீதான் சொல்லணும். எங்க இருக்கே? குளிருதா அங்க?”

“மாத்திரை போட்டியா?”

முழுசாகக் கேட்டான். நான்கு நிமிஷம். கடைசி வாக்கியம் முடிந்ததும் டுங் என்று அடங்கிவிட்டது. அவன் அழித்த பதிவுகளில் முதலாவது அது. வைப்பர் இன்னும் கீச்... கீச்... என்று இழுத்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தான். போர்வை சுற்றியபடியே இருந்தது, நனைந்திருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு இரண்டாவது. அதற்கடுத்த நாள் மூன்றாவது.

போனை அணைத்துப் பார்த்தான். அணைத்த போன் ஏழு மணிக்கு எரிந்தது. அக்கா வீட்டு எண்ணைத் தடுத்துப் பார்த்தான், அழித்தும் பார்த்தான். பெயர் இல்லாமல் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பெட்டியை ஒரு பாலத்தில் நின்று ஆற்றில் போட்டான். அதற்கும் பலன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஆறே முக்காலுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவான். “ஏழு மணி ஆனா எங்கதான் போறீங்க? எவளாவது போன் பண்றாளா?” என்று பெண்டாட்டி சண்டைக்கு வந்தாள். ஆமாம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை போல இருந்தது அவனுக்கு.

யாரது சிரிக்கிறது? சிரி. இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிப்பாய்.

நாலாம் நாள் அக்கா கேட்டாள், “என்னடா, என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்றே? உடம்பு சரியில்லையா?” ஆறாம் நாள், “வாட்ச் கடைக்காரர்கிட்ட கேட்டேன். தம்பி நல்லாத்தான் பேசுறாரு, எனக்கே கேக்குதேங்கிறாரு. எனக்குத்தான் காதும் போச்சா?” என்றாள். ஏழாம் நாள் குழாய்க்கு வாஷர் வேண்டும் என்று கெஞ்சினாள். காலையில் கால் வழுக்கிவிட்டதாம், சுவரைப் பிடித்துக்கொண்டாளாம்.

“சரி சரி, உடம்பப் பாத்துக்க” என்றது அவன் குரல்.

ஒன்பதாம் நாள் அவள் சோதித்துப் பார்த்தாள். குரலில் விளையாட்டு இருந்தது, ஆனால் நடுங்கியது.

“டேய்... நான் செத்துட்டேன்டா.”

“சரி சரி, உடம்பப் பாத்துக்க.”

 சொட்... சொட்... சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்து, தணிந்த குரலில், “நீ... என் தம்பிதானா?” என்று கேட்டாள்.

“இங்க சிக்னல் சரியில்லக்கா. நாளைக்குப் பேசுறேன்.”

பத்தாம் நாள்தான் டவருக்கு உறைத்தது. அன்று அக்கா ‘டேய்’ என்று சொல்லவில்லை. “வாங்க” என்றாள். “சாப்ட்டேங்க” என்றாள். “போட்டேங்க” என்றாள். பிறந்ததிலிருந்து அவனை டேய் என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிடாதவள். கல்யாண மேடையிலேயே “டேய், மூக்கைத் துடைடா” என்றவள். அவள் இப்போது யாரோ ஒரு அந்நிய ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி, அவனுக்குக் கோபம் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி, பயந்து பயந்து பேசினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று... எல்லாம் ‘ங்க’தான். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவன் காரில் உட்கார்ந்து கத்துவான். “அக்கா, நான்தான்க்கா! இப்ப நிஜமாவே நான்தான்! மன்னிச்சிருக்கா!” கேட்டால்தானே? நடுவில் இரண்டு மூச்சு நிற்கும், அடுத்த வாக்கியம் வரும். அவன் பேச்சு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

இதில் ஒரு கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. தினம் ஒன்று என்றால் இருபத்தொன்றாவது எந்த நாளில் வரும் என்று தெரியும். அதில் என்ன இருக்கும் என்றும் தெரியும். அந்த நாளில் தனியாக, யாருமே இல்லாத இடத்தில் இருந்துவிட வேண்டும் என்று நினைத்தான். அதை வேறு ஒருத்தர் காதால் கேட்டுவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து பிரயோஜனம் இல்லை. மேனேஜரிடம் போய் நின்றான்.

“சார், வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் லீவு குடுங்க. கால்ல வேணும்னாலும் விழுறேன்.”

“டவரு, அன்னிக்குத்தான் புதுக் கடை திறக்குறாங்க. டெமோ காட்ட நீ வரலன்னா அங்க நான் போய் ஆடவா? வாய்யா, ஆறரைக்கு முடிச்சுட்டுப் போயிடலாம்.”

வெள்ளிக்கிழமை. புதுக் கடை. பெயின்ட் வாசனை, பலூன், நூறு பேர் கூட்டம். டவர் தன் போனை வண்டியிலேயே பூட்டிவிட்டு வந்தான். ஆறு ஐம்பதுக்குப் பின்வாசல் வழியாக நழுவிவிடுவது என்று திட்டம். மேஜையில் ஒரு புதுப் பெட்டி, இப்போதுதான் அட்டையைப் பிரித்தது. கம்பெனி புதிதாகக் கொடுத்த டெமோ குரல் அதில் இருந்தது, வேறு யாரோ ஒரு பையனின் குரல்.

ஆறு நாற்பத்தொன்பதுக்கு ஒரு நர்ஸ் வந்து நின்றாள். டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள், வெள்ளைச் செருப்பைக்கூட மாற்றவில்லை. எதையும் மூன்று தடவை கேட்கிற ரகம்.

“எங்க அம்மாவுக்கு சார். தனியா இருக்காங்க. எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். அவங்க பேசுறது எனக்கு நிஜமாவே கேக்குமா?”

“கேக்கும்மா.”

“எப்பவாவது கீழ விழுந்துட்டாங்கன்னு வைங்க. தரையில இருந்து பேசினா?”

 “இவர் சொல்லுவாரும்மா” என்று பக்கத்தில் நின்ற கடைக்காரரைக் கைகாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தான். கடைக்காரர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “டெமோ போட்டுக் காட்டிட்டுப் போங்க சார், இந்தம்மா கேக்குறாங்கல்ல?” சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக ஏழு காட்டின.

டுங்.

“அக்கா... நான்தான். சாப்டியா?”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “உங்க குரலா சார்?”

பெட்டியிலிருந்து மூச்சு இரைக்கிற சத்தம் வந்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தம். அப்புறம், தரையோடு தரையாக ஒரு குரல்.

“வந்துட்டீங்களா... விழுந்துட்டேங்க. இடுப்பு அசையல.”

“ம்... அப்புறம்?”

“கோவிச்சுக்காதீங்க. நீங்க யாரா இருந்தாலும் சரி. கீழ்வீட்டுக்காரர மட்டும் கூப்பிடுங்களேன். எனக்குச் சத்தம் வரல.”

“மாத்திரை போட்டியா?”

“ரொம்பக் குளிருதுங்க. தண்ணி முதுகுக்கு வந்துருச்சு...”

“ம்... அப்புறம்?”

கடையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. டவர் ஸ்விட்சை அணைத்தான். வயரைப் பிடுங்கினான். பெட்டி பேசிக்கொண்டேதான் இருந்தது. அவள் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றானாம். கடைசிவரை மரியாதையாகவே கேட்டாள்.

“சரி சரி, உடம்பப் பாத்துக்க.”

 சொட்... சொட்... அப்புறம் “சரிங்க” என்றாள்.

“இங்க சிக்னல் சரியில்லக்கா. நாளைக்குப் பேசுறேன்.”

டுங்.

 அப்புறம் கடைக்காரர் கை தட்டினார். “அடேங்கப்பா! என்னமா எடுத்திருக்காங்க! டெமோன்னா இப்படி இருக்கணும்யா!” என்றார். கூட்டமும் தட்டியது. ஒருத்தர் விசில்கூட அடித்தார்.

நர்ஸ் மட்டும் தட்டவில்லை. அவனையே பார்த்தாள்.

“யாரு சார் அவங்க?”

சொல்லியிருக்கலாம். இருபது பேர் முன்னால் ‘என் அக்கா, நான்தான் கொன்றேன்’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததாம். மேனேஜர் ஓரத்தில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“யாரும் இல்லம்மா” என்றான் டவர். “சும்மா நடிக்கிறவங்க.”

“அடிபட்டவங்க குரல் எனக்குத் தெரியும் சார். தினம் கேக்குறேன். நல்லாப் பண்ணியிருக்காங்க.” கைப்பையைத் திறந்தாள். “இதையே குடுங்க. வேற பீஸ் வேண்டாம்.”

தன் கையாலேயே அட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். அட்டையின் அடியில் ஈரமாக இருந்தது.

அதோடு நின்றுவிட்டது. மறுநாள் ஏழு மணிக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டவர் நன்றாகத் தூங்கினான். தூங்கினேன் என்று சொல்லும்போது என் நண்பனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டானாம். பத்து நாள் போனதும் ஏழு மணிக்குப் போனை எதிரில் வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தான். திட்டவாவது வர மாட்டாளா, ஒரு தடவை டேய் என்று சொல்ல மாட்டாளா என்று. வரவில்லை.

ஒன்றரை மாசம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு அந்த நர்ஸ் போன் பண்ணினாள். குரல் சந்தோஷமாக இருந்தது.

“சார், தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன். பேச்சுத் துணைக்கு ஆளும் வைப்பீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே!”

“என்ன ஆளு?”

“அதான் சார், தினம் ஏழு மணிக்கு எங்க அம்மாகிட்ட பேசுறாங்களே, அந்தம்மா. உங்க டெமோல நடிச்சவங்கதானே? நான் டியூட்டில இருக்கும்போதுதான் வருவாங்களாம். அவ்வளவு அன்பாப் பேசுறாங்களாம். எங்க வீட்ல குழாய் சொட்டுறதக் கேட்டுட்டு, உடனே ஆளக் கூப்பிட்டு வாஷர் மாத்தச் சொல்லிட்டாங்களாம். மாத்திட்டோம் சார்.”

டவர் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“என்னப் பத்தி... ஏதாவது சொன்னாங்களா?”

“உங்களப் பத்தியா? இல்லையே சார். நேத்துத்தான் அவங்க குடும்பத்தப் பத்தி எங்க அம்மா கேட்டிருக்காங்க. ஒரே ஒரு தம்பியாம், உயிரையே வச்சிருந்திருக்காங்க. பாவம், வெளியூர்ல வேலையா இருக்கும்போது செத்துப் போயிட்டானாம்.”

“செத்துப்...”

“ஆமா சார். யாரும் வந்து சொல்லக்கூட இல்லையாம். இவங்களாத்தான் கண்டுபிடிச்சாங்களாம். தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் குரல் மட்டும் வீட்டுக்குள்ள வருமாம். இவங்க என்ன சொன்னாலும் அதுக்குக் கேக்காதாம், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுமாம். எங்க அம்மா பயந்து போய், ‘ஐயையோ, நீங்க என்ன பண்ணீங்க’ன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு அவங்க சொன்னாங்களாம்... ‘பயமாத்தான் இருக்கும்மா. ஆனா போக வழி தெரியாம என்னையே சுத்திச் சுத்தி வருதேன்னு, தினமும் உக்காந்து பதில் சொல்லிட்டு இருந்தேன். நானும் பேசலன்னா அதுக்கு யாரு இருக்கா?’”